கானாவூர் விருந்துக்கு முதுகு காட்டுவோர்

பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில், உலகின் நாற்றிசையிலிருந்தும் வருவோர் தவறாமல் தேடிச் செல்லும் கூடம் ஒன்று உண்டு. அதன் நடுவே எழுப்பப்பட்ட தனிச்சுவரில், கண்ணாடிக்குப் பின்னே, லியொனார்டோ டா வின்சி தீட்டிய மோனா லிசா ஓவியம் இருக்கிறது. உயரம் 77 சென்டிமீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர். நம் வீடுகளின் முன்னறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பெரிய அளவுத் திரு இருதய ஆண்டவர் படத்தைவிட அது பெரிதன்று என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அதற்கு நேர் எதிர்ச்சுவரை முழுவதும் நிறைத்துக்கொண்டு வேறோர் ஓவியம் நிற்கிறது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. வெனிஸ் நகரத்து ஓவியர் பாவொலோ வெரொனேசே 1563-இல் தீட்டி முடித்த 'கானாவூர்த் திருமணம்' அது.

அக்கூடத்திலே நாள்தோறும் நடைபெறும் காட்சியை நேரில் கண்டோரும் படங்களில் கண்டோரும் அறிவர். மோனா லிசாவின் முன்னே பெருந்திரள் நெருக்கியடித்து நிற்கும். தலைகளுக்கு மேலே கைகள். கைகளின் உச்சியிலே கைபேசிகள். முண்டியடித்து முன்வரிசைக்கு வந்து சேர்ந்தவர் ஓவியத்தைப் பார்த்து நிற்பது அரிது. ஒரு படம் எடுக்கிறார், உடனே திரும்பிக்கொண்டு, தம் முகமும் அந்த அம்மையாரின் முகமும் ஒரே சட்டத்துள் அடங்குமாறு மற்றொன்று எடுக்கிறார், நகர்ந்துவிடுகிறார். அவர் அவ்வாறு திரும்பி நின்ற அந்தச் சில நொடிகளில், கானாவூர் விருந்து முழுவதும் அவர் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. ஆனால் அவர் கண்ணோ கைபேசித் திரையில் தெரிந்த தம் முகத்தின்மீது இருந்தது.

அவர் காணாது போனது என்ன? நீண்ட மேசையின் நடுநாயகமாக நம் ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். அவர் அருகே மரியன்னை. ஏறத்தாழ 130 பேர் அவ்விருந்தில் கூடியிருக்கின்றனர். முன்புறத்தில் இசைவாணர்கள், அவர்கள் நடுவே உள்ள சிறு மேசையின்மேல் ஒரு மணற்கடிகாரம். வலப்புறத்தில் பணியாள் ஒருவன் பெரிய சாடியைச் சாய்த்து ஊற்றுகின்றான். மற்றொருவர் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து அதிலுள்ள இரசத்தைக் கூர்ந்து நோக்குகின்றார். நாய்கள் உண்டு, பூனை உண்டு, கிளியும் உண்டு. ஆண்டவரின் தலைக்கு நேர் மேலே, மாடத்தில், இறைச்சி வெட்டும் ஆட்கள். பலியாகப்போகும் செம்மறியை நினைவூட்டவே ஓவியர் அவர்களை அங்கே நிறுத்தினார் என்பர் கலை அறிந்தோர். மணமக்களையோ, ஓவியத்தின் இடக்கோடியில் தேடித்தான் கண்டுகொள்ள வேண்டும்!

யோவான் நற்செய்தியின் 2-ஆம் அதிகாரம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. திருமணத் திருப்பலிகளில் அடிக்கடி கேட்பதுதான். அத்தனை பேர் உண்டு களித்திருந்த வீட்டிலே, இரசம் தீர்ந்துபோயிற்று என்பதைக் கண்டுகொண்டு ஆண்டவரிடம் சொன்னவர் அன்னை. விருந்தினர் எல்லாருக்கும் கண் இருந்தது. ஆயினும் அந்த வீட்டாருக்கு நேரவிருந்த தலைகுனிவு அன்னையின் கண்ணுக்குத்தான் முதலில் தென்பட்டது. உற்றுப் பார்த்தலைப் பற்றிய ஓவியம் என்றே இதைச் சொல்லலாம். அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டு நாம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கெல்லாம் கைபேசியே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு நியாயம் ஆகாது. 1911 ஆகஸ்டில் மோனா லிசா களவுபோயிற்று. 1913 டிசம்பரில் இத்தாலியில் கண்டெடுக்கப்படும்வரை அது எங்கிருக்கிறது என்பதே தெரியாதிருந்தது. அந்நாள்களில், ஓவியம் தொங்கிய வெற்றிடத்தைப் பார்ப்பதற்கென்றே மக்கள் திரண்டு வந்தனர். பெயர் பெற்ற இடத்துக்குப் போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆவல் மனிதருக்கு மிகப் பழையது. கைபேசி அந்த ஆவலுக்கு ஒரு கருவியாயிற்று, அவ்வளவே. எனினும் கருவி கைக்கு வந்தபின் நம் பார்வையே மாறிவிடுகிறதா என்னும் கேள்வி நியாயமானது. இதை வெறும் அங்கலாய்ப்பாக விட்டுவிடாமல் ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கின்றனர்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இயேசு சபையார் 1942-இல் நிறுவிய ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகம் உள்ளது. மறைவல்லுநரும் கர்தினாலுமான புனித இராபர்ட் பெல்லார்மினின் பெயரால் அங்கே ஒரு கலை அருங்காட்சியகம் இருந்தது. இன்று அது பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கி இயங்குகிறது. அப்பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கல், மாணவர்களை அந்த அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச் செல்லச் செய்தார். ஓவியம், சிற்பம், மட்கலம் எனப் பலவகையான 30 பொருள்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. சிலவற்றை வெறுமனே உற்றுப் பார்க்கும்படியும், வேறு சிலவற்றைச் சிறிய டிஜிட்டல் கேமராவால் படம் எடுக்கும்படியும் சொல்லப்பட்டது. மறுநாள் அவர்களுடைய நினைவு சோதிக்கப்பட்டது.

2014-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலரையும் திகைக்கவைத்தது. படம் எடுத்த பொருள்களை, கண்ணால் மட்டும் கண்ட பொருள்களைவிடக் குறைவாகவே மாணவர்கள் நினைவில் வைத்திருந்தனர். அப்பொருள்களின் நுட்பமான கூறுகளைக் கேட்டபோதும், அவை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தன என்று கேட்டபோதும் தடுமாறினர். நினைவில் வைப்பதற்காகவே எடுக்கும் படம் நினைவையே குறைக்கிறது என்றால், இதைவிட விந்தை வேறென்ன?

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. செய்தித்தாள்கள் முதற்செய்தியைப் பரப்பிய அளவுக்கு இதைப் பரப்பவில்லை என்பது நம் குறை. இரண்டாவது முறை சோதித்தபோது, சில பொருள்களின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பெரிதாக்கிப் படம் எடுக்கும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். சிலையின் பாதத்தை மட்டும் எடுப்பது போல என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறு எடுத்தபோது நினைவு குன்றவில்லை. பெரிதாக்கி எடுத்த பகுதி மட்டுமன்றி, சட்டத்துக்கு வெளியே விட்ட பகுதிகளும் மறந்துபோகவில்லை! அந்தப் பகுதியை நெருங்கிப் பார்த்து எடுக்க மனம் சற்று உழைக்க வேண்டியிருந்தது; அந்த உழைப்பே பொருள் முழுவதையும் மனத்திலே பதித்துவிட்டது என்று நாம் கொள்ளலாம்.

'கருவி நினைவில் வைத்துக்கொள்ளும், நமக்கெதற்குக் கவலை' என்று மனம் சோம்பிவிடுவதுதான் மறதிக்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. கடைக்காரர் கணக்கேட்டில் எழுதியபின் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை அல்லவா, அது போல. ஆனால் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயத்துக்குள்ளாக்கியது. எடுத்த படம் உடனே மறைந்துவிடும் என்று தெரிந்திருந்தவர்களும், தாமே அதை அழித்துவிட்டவர்களும்கூட, வெறுமனே பார்த்த ஓவியங்களைவிடப் படம் எடுத்த ஓவியங்களைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். ஆக, கணக்கேட்டைக் கிழித்தெறிந்த பின்னும் கடைக்காரருக்குக் கணக்கு நினைவில்லை! படம் எடுக்கும் செயலே அந்தக் கணத்தில் மனத்தைப் பொருளிலிருந்து பிரித்துவிடுகிறது போலும். வெளிச்சம் போதுமா, சட்டத்துள் அடங்குகிறதா, குறுக்கே யாரும் வருகிறார்களா என்று மனம் கருவியோடு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, எடுத்தாயிற்று என்ற நிறைவு 'பார்த்தாயிற்று' என்ற மயக்கத்தையும் தந்துவிடுகிறது.

இத்துடன் தீர்ப்பு எழுதிவிட்டால் கைபேசிக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். 2017-இல் அலிக்ஸாண்ட்ரா பாராஷ் முதலிய நால்வர் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. முன்சொன்ன ஆய்வில் மாணவர்கள் பிறர் சொன்ன பொருளைப் பிறர் சொன்னபடி படம் எடுத்தனர். இந்த ஆய்விலோ, பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மக்கள் விட்டுச்சென்ற பொருள்களின் காட்சியொன்றில், செவியிலே ஒலிவழி விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தவர்களில் ஒரு சாரார் தாம் விரும்பியதை விரும்பியபடி படம் எடுத்தனர். மற்றச் சாராரிடம் கேமரா இல்லை. படம் எடுத்தவர்களே கண்ணால் கண்டதை நன்றாக அடையாளம் கண்டனர். தாம் படம் எடுக்காத பொருள்களையும் அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். எதைப் படம் எடுக்கலாம் என்று கண் தேடிக்கொண்டே இருந்ததன் பயன் அது.

அப்படியானால் நட்டமே இல்லையா? உண்டு. காதால் கேட்ட விளக்கம் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. கண் விழித்துக்கொண்டபோது காது உறங்கிவிட்டது.

நம் குடும்ப வாசகர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவென்று நமக்குப் படுகிறது. அந்த ஆய்விலே கேட்கத் தவறியது கருவி பேசிய விளக்கம். அது போனால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நாம் குடும்பமாக அருங்காட்சியகம் செல்லும்போது நம் அருகே பேசிக்கொண்டு வருவது கருவியன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய மரப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் அளந்த படி. கீழே அதன் பெயரும் காலமும் எழுதிய அட்டை இருக்கும். அதற்குமேல் அங்கே ஒன்றும் எழுதியிராது. உடன் வந்த தாத்தா அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். "இப்படி ஒரு படியாலேதான் அறுப்புக் கூலி அளப்பாங்க. குவிச்சு அளக்கிற வீடும் உண்டு. தலை தட்டி அளக்கிற வீடும் உண்டு. எங்கம்மா எந்த வீட்டு வயல்னு கேட்டுத்தான் அரிவாளை எடுப்பாங்க" என்கிறார். அறுபது ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று அந்தப் படியைக் கண்டதும் வாய்க்கு வந்தது. பேரன் அந்நேரம் கண்ணாடியில் பளபளப்பு விழாமல் படம் எடுக்கக் கைபேசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "என்ன தாத்தா?" என்று அவன் திரும்பியபோது, "ஒண்ணுமில்லப்பா" என்று அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

படி பத்திரமாகப் படத்தில் இருக்கிறது. தாத்தாவின் தாயார் இல்லை.

சிறு பிள்ளைகளின் கேள்விகளும் இவ்வாறே. "இந்தச் சிலைக்கு ஏன் மூக்கு இல்லை?" என்று பிள்ளை கேட்பது ஒரே ஒரு முறைதான். "கொஞ்சம் தள்ளி நில், படத்தில் விழுகிறாய்" என்ற விடை இரண்டு மூன்று முறை கிடைத்தபின், அந்தக் கேள்விகள் நின்றுபோகின்றன. அப்பிள்ளைக்கும் ஒரு கைபேசியைக் கொடுத்துவிட்டால் வீட்டில் அமைதி நிலவும் என்று சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த அமைதியைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுவோம்.

படத்தைப் பிறருக்குக் காட்டுவதற்காகவே எடுக்கும் பழக்கம் தனி. முன்சொன்ன ஆய்வாளருள் மூவர் 2018-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். தம் நினைவுக்கென எடுப்பவர்களைவிட, சமூக வலைத்தளத்தில் இடுவதற்கென எடுப்பவர்கள் அந்த அனுபவத்தைக் குறைவாகவே சுவைத்தார்கள் என்பது அதன் முடிவு. பார்ப்பவர் என்ன எண்ணுவாரோ என்ற கவலை அங்கேயே வந்து தொற்றிக்கொள்கிறது. அருங்காட்சியகத்தில் கூட நின்றிருப்போர் நான்கு பேர் என்றால், மனக்கண்ணில் நானூறு பேர் கூடிவிடுகிறார்கள். இதன் எல்லை எங்கே போய் முடிகிறது என்பதற்கு, 2025 ஜூனில் ஃபுளோரன்ஸ் நகரத்து உஃபிஸி அருங்காட்சியகத்தில் நேர்ந்ததைச் சொன்னால் போதும். ஓவியத்திலுள்ள இளவரசரைப் போலவே நின்று படம் எடுத்துக்கொள்ள முயன்ற ஒருவர் பின்னோக்கிச் சாய்ந்ததில், நூற்றாண்டுகள் பழமையான அந்த ஓவியமே சேதமடைந்தது.

திருத்தலங்களுக்கும் இந்தக் கை உயர்த்தல் வந்துவிட்டது. 2017 நவம்பர் 8 அன்று, வத்திக்கானில் பொதுச் சந்திப்பின்போது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலி வேளையில் உயர்ந்து நிற்கும் கைபேசிகளைக் கண்டு தாம் வருந்துவதாகக் கூறினார். குரு நம்மிடம் மேலே எழுப்பச் சொல்வது இதயங்களையேயன்றிக் கைபேசிகளை அல்ல என்ற பொருள்பட அவர் பேசினார். பொதுநிலையினரை மட்டுமன்றிக் குருக்களையும் ஆயர்களையும் சேர்த்தே அவர் கண்டித்தார் என்பதை இங்கே குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. நம் பங்குகளில் திருமணத்தன்று பீடத்தைச் சுற்றி வரும் படக்காரர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இப்பக்கம் போதாது.

வத்திக்கான் அருங்காட்சியகத்தின் பெரும்பாலான கூடங்களில், மின்னொளி பாய்ச்சாமல் படம் எடுக்க இசைவு உண்டு. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மட்டும் இல்லை. இந்தத் தடையின் வரலாறு சுவையானது; பக்தியின்பொருட்டு எழுந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்போம். 1980 முதல் 1994 வரை அங்கே மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களைத் தூய்மைப்படுத்தும் பெரும்பணி நடந்தபோது, ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் அதற்குப் பொருளுதவி செய்தது. அதற்கு ஈடாக, அவ்வோவியங்களைப் படம் பிடிக்கும் தனியுரிமையைப் பெற்றது. அந்த உரிமைக் காலம் என்றோ முடிந்துபோயிற்று. தடை மட்டும் தொடர்கிறது. காரணம் எதுவாயினும் விளைவு நன்மையே என்பது நம் கருத்து. உரோமைத் திருப்பயணம் சென்றுவரும் நம்மவர்கள், மற்றக் கூடங்களைப் பற்றிக் கேட்டால் கைபேசியை எடுத்து நீட்டுகிறார்கள். சிஸ்டைனைப் பற்றிக் கேட்டால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்கள்.

தடைபோடாமலே கண்ணைத் திறக்கும் வழியை ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகம் 2015-இல் முயன்று பார்த்தது. படம் எடுப்பதை விடுத்து, கண்டதைக் கோடுகளால் வரைந்து பாருங்கள் என்று வருவோரை அழைத்து, தாளும் பென்சிலும் கொடுத்தது. ஒரு குதிரையை வரைய முற்பட்டவன் அதன் முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்தே தீரவேண்டும். வரைந்தது குதிரையாக வந்ததா, கழுதையாக வந்ததா என்பது வேறு விஷயம்.

நம்மில் மூத்தோர்க்கு இன்னொன்று நினைவிருக்கும். 12 படச் சுருளும் 36 படச் சுருளும் இருந்த காலம். சுருள் வாங்கவும் காசு, கழுவவும் காசு, அச்சிடவும் காசு. வேளாங்கண்ணிக்குப் போனாலும் சரி, புதுநன்மை விழாவானாலும் சரி, இன்னும் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே எடுப்பார்கள். ஆகவே எடுக்குமுன் பார்த்தார்கள்; பார்த்தபின் எடுத்தார்கள். எடுத்தது ஆல்பத்தில் ஒட்டப்பட்டு, வீட்டுக்கு வருவோர் மடிமீதெல்லாம் ஏறிற்று. இன்று ஒரே பிற்பகலில் 300 படங்கள் எடுத்தாலும் காசு செலவில்லை. அவற்றை மறுபடி பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. அக்காலத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று; வறுமை கற்றுக்கொடுத்த அளவை நாமாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

படத்தால் விளையும் நன்மைகளையும் சொல்லத்தான் வேண்டும். கண்பார்வை மங்கிய முதியவர், பெட்டியின் கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்பைக் கைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறார். இது பெரும் உதவி. முன்சொன்ன கானாவூர் ஓவியத்தின் கதையிலேயே படத்தின் சிறப்புக்குச் சான்று உண்டு. அவ்வோவியம் லூவருக்கென்று தீட்டப்பட்டதன்று. வெனிஸ் நகரில் புனித ஜார்ஜ் தீவிலுள்ள பெனடிக்ட் சபைத் துறவியரின் உணவறைக்கென்று தீட்டப்பட்டது. 234 ஆண்டுகள் துறவியர் அதன்முன் அமர்ந்து உணவருந்தினர். 1797-இல் நெப்போலியனின் படையினர் அதைக் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோயினர்; அது திரும்பவில்லை. 2007-இல், மூல ஓவியத்தை ஒளிக்கருவிகளால் சிறுசிறு பகுதியாகப் பதிவுசெய்து, அதே அளவில் உருவாக்கிய படி ஒன்று அந்த உணவறையின் வெறுஞ்சுவரில் மாட்டப்பட்டது. மூலம் கூட்டத்தின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருக்க, படியோ தனக்குரிய இடத்தில், தனக்குரிய வெளிச்சத்தில் இருக்கிறது! மோனா லிசாவுக்கெனத் தனிக்கூடம் அமைக்கப்படும் என்று 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் அறிவித்திருக்கிறார். அது நிறைவேறினால் கானாவூர் விருந்தினருக்கும் சற்று அமைதி கிட்டும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாரிசுக்குப் போகிறவர்கள் நம் வாசகர்களில் எத்தனை பேர்? சென்னை எழும்பூரில் 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. விலங்குக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், இதைச் 'செத்த காலேஜ்' என்றும் பழைய சென்னை மக்கள் அழைத்தனர். அமராவதிச் சிற்பங்களும், வெண்கலத் திருமேனிகளும், திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற பேராசைதான் கைபேசியைப் பையிலிருந்து வெளியே இழுக்கிறது. இரண்டே கூடங்கள் போதும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனால், அந்த நெருக்கடி இராது.

உள்ளே நுழையும்போது குடும்பத்துக்கு ஒரே ஒரு கைபேசியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடலாம். முதலில் கூடம் முழுவதையும் வெறுங்கையோடு சுற்றிவரட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்து, அதன்முன் திரும்பவும் போய் நின்று, ஏன் பிடித்தது என்று மற்றவர்க்குச் சொல்லட்டும். சொல்லி முடித்தபின் படம். அதுவும் முழுப்பொருளையும் எடுக்காமல், மனத்தைத் தொட்ட ஒரு பகுதியை நெருங்கி எடுத்தால் போதும்; முழுப்பொருளின் படம் அருங்காட்சியக நூல்களில் நம்மைவிடச் சிறந்தவர்கள் எடுத்தது கிடைக்கும். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் கருவியைத் தாழ்த்திவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பிள்ளை பேசத் தொடங்கினால் பெரியவர்களும் அவ்வாறே செய்யவேண்டும். இது சற்றுக் கடினம்.

ஐந்தாறு படங்களோடு வீடு திரும்பும் குடும்பம், அன்று இரவே செபமாலை முடிந்தபின், முழங்கால் வலியால் உடன் வர முடியாமற்போன பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து அவற்றைக் காட்டட்டும். படத்தை நீட்டிவிட்டு அப்பால் போய்விடாமல், பிள்ளையே அதைப் பற்றிச் சொல்லட்டும். "அந்தக் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?" என்று பாட்டி கேட்பார். "அதற்குப் பக்கத்திலே என்ன இருந்தது?" என்பார். விடை தெரியாது பிள்ளை விழித்தால், அடுத்தமுறை எந்தக் கூடத்துக்குப் போவது என்பதைத் தனியே முடிவு செய்யவேண்டியதில்லை.